இஸ்திரி வண்டியை நகர்த்தி எடுத்த கொன்றை

நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, புதிதாகத் தொழிலுக்கு வந்திருப்பவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். "உங்க வெற்றிகளைப் பத்தி எழுதுங்க அண்ணாச்சி" என்றார் செயலாளர். அது அரைப் பக்கத்தில் முடிந்துவிடுமே என்றேன். "அப்ப மத்ததையும் எழுதுங்க" என்றார். இது மற்றது.

ஐம்பத்தைந்து வயதிலேயே நான் கேமராவை மூட்டை கட்டியதற்கு, கலையில் நிறைவு கண்டதுதான் காரணம் என்று சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்வி. யாரும் மறுக்க வேண்டாம். உண்மையில் அது என் முழங்கால்கள் இரண்டும் கலந்து பேசி எடுத்த முடிவு. தூத்துக்குடியில் இத்தனை வருடம் கல்யாணம், சடங்கு, மாதா கோயிலில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, கப்பலுக்கு முன்னால் மாலையோடு நிற்கும் அதிகாரிகள் என்று எல்லாவற்றையும் நின்றுகொண்டுதான் எடுத்தேன். மரங்களை மட்டும்தான் படுத்துக்கொண்டு எடுத்தேன். என் முழங்கால்கள் மரங்களால் போயின.

ஏன் படுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நம் ஊரில் பூத்த மரம் எதுவும் தனியாக நிற்பதில்லை. மயில்கொன்றை என்றால் தலைக்குள் மூன்று மின்கம்பி, இடுப்பில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காலடியில் குடித்துப் போட்ட இளநீர்க் கூடுகள். பூவரசு என்றால் டிரான்ஸ்ஃபார்மரோடு குடும்பம் நடத்தும். எல்லாம் சரியாக அமைந்து, காற்றும் அடங்கி, நீங்கள் மூச்சைப் பிடிக்கும் நேரத்தில் உப்பு லாரி ஒன்று குறுக்கே வந்து நின்று, டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போவார். தரையோடு தரையாகப் படுத்து அண்ணாந்து பார்த்தால் சாக்கடை மறையும், போஸ்டர் மறையும், கம்பிகளைக் கிளைகளுக்குப் பின்னால் ஒளித்துவிடலாம். பூவும் வானமும் மட்டும் மிஞ்சும்.

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. கப்பல் முகவர் நிறுவனம் ஒன்று வருடந்தோறும் என்னிடம் காலண்டருக்குப் படம் வாங்கியது. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு பூமரங்கள். எல்லாம் தூத்துக்குடிக்குள்ளேயே எடுத்ததாக இருக்க வேண்டும். ஆனால் தூத்துக்குடி தெரியக்கூடாது. "வெளிநாட்டுக்கெல்லாம் போற காலண்டர் பாத்துக்கிடுங்க. வயரு, சாக்கடை, ஆளு ஒண்ணும் வரப்படாது" என்றார் மேலாளர். சொந்த ஊரில் இருந்துகொண்டே சொந்த ஊரை ஒளித்து வைக்கும் வேலை. அதில் நான் கெட்டிக்காரன்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு விதை போட்டவர் நான் முதலில் வேலை பார்த்த ஸ்டுடியோவின் முதலாளி. அவர் இரண்டு விதிகள் வைத்திருந்தார். "ஏலே, நல்ல படத்துல தேவையில்லாதது ஒண்ணும் இருக்காது. நல்ல படக்காரன்ட்ட தேறாத படம் ஒண்ணும் இருக்காது." இரண்டாவது விதியை அவர் சனிக்கிழமைதோறும் ஸ்டுடியோவின் கொல்லைப்புறத்தில் தீ வைத்து நிறைவேற்றுவார். பழைய நெகட்டிவ்கள் எரியும் நாற்றத்தில் அக்கம்பக்கத்தார் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். என் காலத்தில் தீப்பெட்டி தேவைப்படவில்லை, ஒரு பொத்தான் போதும். எடுத்த அன்றே தேறாததை எல்லாம் அழித்துவிடுவேன். அதை ஓர் ஒழுக்கமாக வகுப்பெடுத்து உங்களில் சிலருக்கே சொல்லித் தந்திருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

முதலில் படுப்பதைப் பற்றி. ஒரு மே மாதம், பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மயில்கொன்றைக்குக் கீழே மல்லாந்து படுத்தேன். காலை பதினொரு மணி. கேமராவை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, ஒரு மேகம் நகரட்டும் என்று கண்ணை மூடிக் காத்திருந்தேன். அதுதான் தவறு. கண்ணைத் திறந்தபோது என் மரத்தைக் காணோம். வட்டமாக ஏழெட்டு முகங்கள் இருந்தன.

"மயங்கிட்டாருடே!"

"வலிப்பு மாரி தெரியி. இரும்பு குடுங்க, இரும்பு!"

யாரோ என் வலது கையைப் பிரித்து ஒரு சாவிக்கொத்தை வைத்து அழுத்தினார்கள். இன்னொருவர் சோடாவை உடைத்து முகத்தில் அடித்தார். லென்ஸும் குடித்தது. "ஒண்ணுமில்ல, நான் போட்டோ எடுக்கேன்" என்றேன். "பாவம், என்னமோ உளறுதாரு" என்றார் சோடாக்காரர். எழுந்து நின்று பெயர், தெரு, அப்பா பெயர் எல்லாம் சரியாகச் சொன்ன பிறகுதான் விட்டார்கள். வட்டம் கலைந்து போன பிறகு சாவிக்கொத்தின் சொந்தக்காரர் மட்டும் திரும்பி வந்து, "அண்ணாச்சி, நீங்க நல்லா இருந்தீங்கன்னா என் பைக் சாவியக் குடுங்க" என்றார்.

அன்றோடு மல்லாந்து படுப்பதை விட்டேன். அதற்குப் பிறகு குப்புறத்தான். நெஞ்சைத் தரையில் வைத்து, முழங்கையை ஊன்றி, கேமராவை மண்ணோடு ஒட்டி, முழங்காலை மடக்கிப் பின்புறத்தை நன்றாக உயர்த்திக்கொள்வேன். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அந்த நிலையில் இருக்கும் மனிதனுக்கு உயிர் இருக்கிறதா என்று யாருக்கும் சந்தேகம் வராது. அனுபவத்தால் கற்ற பாடம் என்று அதைப் பல வருடம் பெருமையாக நினைத்திருந்தேன்.

இனி மேரியக்கா.

பீச் ரோட்டிலிருந்து துறைமுகத்துப் பக்கம் பிரியும் ஒரு சாலையில் சரக்கொன்றை ஒன்று நிற்கிறது. அதன் நிழலில் மேரியக்காவின் இஸ்திரி வண்டி. சிரட்டைக் கரி போட்ட பெட்டி. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள். ஆகவே வெள்ளைச் சீருடைகள். பங்குனி முடிந்து அந்த மரம் பூக்கத் தொடங்கினால் ஊரே நின்று பார்க்கும். மேரியக்கா மட்டும் திட்டுவார். வெள்ளைச் சட்டையின் மேல் மஞ்சள் இதழ் விழுந்து, கவனிக்காமல் அதன் மேல் பெட்டியை ஓட்டிவிட்டால், அந்தக் கறை போவதற்குள் சட்டைக்காரர் ஓய்வு பெற்றுவிடுவார்.

நான் போன அன்று மரம் உச்சத்தில் இருந்தது. இலையே தெரியவில்லை. சரம் சரமாகத் தரைவரைக்கும் மஞ்சள். கீழே நீல தார்ப்பாய் கட்டிய வண்டி.

"அக்கா, வண்டியக் கொஞ்சம் நகர்த்த முடியுமா? அஞ்சு நிமிஷம்."

"எங்கன நவுட்ட?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

"அங்கன வெயிலுல்லா அடிக்கி. எதுக்கு?"

"மரத்தை போட்டோ எடுக்கணும். காலண்டருக்கு."

மேரியக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மரத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னை.

"நான் நின்னா காலண்டரு கிழிஞ்சிருமோ?"

"அப்படியில்லக்கா. ஆள் வரக்கூடாதுன்னு சொல்லுதாங்க."

"இந்தச் சனியன் பூத்துக் கொட்டுத கொட்டுல தெனமும் கெடந்து சாவுதவ நானு. போட்டோ மட்டும் அதுக்கா?"

ஆனாலும் நகர்த்தினார். கங்கு சிந்தாமல், அடுக்கிய சட்டை சரியாமல், அந்த வண்டியை லாரிகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போய் வெயிலில் நின்றார். ஐந்து நிமிடம் என்று சொன்னேன் அல்லவா, முக்கால் மணி நேரம் ஆனது. நான் குப்புற விழுந்து ஊர்ந்துகொண்டிருந்தேன்.

படம் பிரமாதமாக வந்தது. மே மாதத்துக்குப் போட்டார்கள். காலண்டரைப் பார்த்த ஒவ்வொருவரும் "இது எங்க, கொடைக்கானலா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகவே நான் சில வீடுகளுக்குத் தேவையில்லாமல் போய் வந்தேன். மேரியக்காவுக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். மாதம் முடிந்த தாள்களை மடித்துத் தேய்த்த சட்டைக்குள் அட்டையாக வைத்துக் கொடுத்துவிட்டார். என் ஜனவரிப் பூவரசு, கப்பலுக்கு வழிகாட்டித் துறைக்குள் கொண்டுவரும் பைலட் ஒருவரின் சட்டைக்குள் இருந்து கப்பலேறிப் போயிருக்கக்கூடும்.

அந்தக் காலண்டர் வருடத்தின் மார்ச்சில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, மேரியக்கா என் வீட்டு வாசலில் நின்றார். வண்டியில்லாமல் அவரைப் பார்த்ததில்லையாதலால் அடையாளம் தெரியவே ஒரு நிமிடம் ஆனது.

"அண்ணாச்சி, மரத்துல செவப்பு பெயிண்டு அடிச்சிட்டானுவ. திங்கக்கிழம வெட்டப் போறாங்களாம்."

சாலையோரம் வடிகால் வருகிறது. அதற்குக் குறுக்கே நிற்கும் மரங்களை ஓர் அலுவலகம் கணக்கெடுத்திருக்கிறது. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உயிருள்ள மரம் என்றால் வடிகாலைக் கொஞ்சம் வளைத்துக்கொள்வார்கள். பட்ட மரம் என்றால் கேள்வியே இல்லை. கணக்கெடுக்க வந்தவர் வந்தது பிப்ரவரிக் கடைசியில். சரக்கொன்றை பூப்பதற்கு முன் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு, கருத்த காய்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, இழவு வீடு போல நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. "பட்ட மரம்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

"தெனமும் அந்த மரத்தத் திட்டுவீங்களே அக்கா" என்றேன். என் வாய் எப்போதும் இப்படித்தான்.

"நான் திட்டுவேன். அதுக்காவ இவனுவ வெட்டுவானுவளா? வெட்டவெயிலுல கங்குப் பெட்டிய வச்சிக்கிட்டு நான் எத்தன நாளு நிப்பேன்? வேற எடத்துல வண்டி போட எவன் விடுவான்?" முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். "நீரு பூவோட எடுத்தீருல்லா. அதக் கொண்டு வாரும்."

அந்தக் கணத்தில் எனக்கு உண்டான பெருமிதத்தை மறைக்க மாட்டேன். ஒரு மரத்தின் உயிர் என் படத்தை நம்பி இருக்கிறது! தேய்த்த சட்டை போட்டுக்கொண்டேன். மே மாதத்தைப் பெரிதாக அச்சடித்து, சுருட்டி, கையில் செங்கோல் மாதிரிப் பிடித்துக்கொண்டு மேரியக்காவோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன்.

பொறியாளர் நல்ல மனிதர். திருச்செந்தூர்க்காரர். அன்று கிருத்திகை போல, நெற்றியில் விபூதி பளிச்சென்று இருந்தது. படத்தை மேசையில் விரித்து நான்கு மூலையிலும் பேப்பர்வெயிட், டம்ளர், கண்ணாடிக்கூடு, கைபேசி என்று வைத்து, ரசித்துப் பார்த்தார்.

"அடேயப்பா. எந்த ஊரு சார்?"

"இங்கதான் சார். நீங்க வெட்டப்போற மரம்."

மறுபடி பார்த்தார். இந்தத் தடவை ரசிக்கவில்லை.

"இதுல நம்ம ஊரு எங்க இருக்கு?"

இத்தனை வருடத் தொழிலில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே நேரானது அதுதான். நானும் குனிந்து பார்த்தேன். பூ இருந்தது, வானம் இருந்தது. ரோடு இல்லை, கம்பம் இல்லை, கடை இல்லை, வண்டி இல்லை.

"நானே எடுத்தது சார்" என்றேன், பலவீனமாக.

"நீங்க எடுத்தீங்கன்னு நம்புதேன். இந்த மரத்தத்தான் எடுத்தீங்கன்னு எத வச்சு நம்ப?"

மேரியக்கா முன்னால் வந்தார். "சார், ஒரு கொப்ப ஒடிச்சுப் பாருங்க. உள்ள பச்சையா இருக்கும்."

"நான் ஒடிச்சுப் பாத்தா எனக்குத் தெரியும்மா. ஃபைலுக்குத் தெரியாது. ஃபைல்ல பட்ட மரம்னு இருக்கு. மறுபடி பாக்க ஆளு வரணும்னா பத்து நாளாவும், மெஷினு திங்கக்கிழம வருது." கொஞ்சம் யோசித்தார். "போன வருசம் இது பூத்துச்சுங்கதுக்கு, மரமும் பூவும் எடமும் ஒண்ணாத் தெரியுத மாரி ஒரு படம் கொண்டாங்க. தேதியும் வேணும். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள கொண்டாந்தா நிறுத்தி வைக்கேன்."

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தேன். மேரியக்கா பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொன்றைக்குப் போன அன்று நூற்றுக்கு மேல் எடுத்திருப்பேன். மிஞ்சியிருந்தவை நான்கு. மற்றவற்றை ஒழுக்கத்தோடு அன்றைக்கே அழித்திருந்தேன். லாரி புகுந்துவிட்டது என்று அழித்தது, கம்பம் வந்துவிட்டது என்று அழித்தது, தார்ப்பாய் நுனி தெரிகிறது என்று அழித்தது. இன்றைக்கு அவற்றில் எது இருந்திருந்தாலும் போதும். இருந்த நான்கில் ஒன்றின் ஓரத்தில் மின்கம்பம் லேசாகத் தலைகாட்டியிருந்தது எனக்கு நினைவிருந்தது. ஆசையோடு திறந்தேன். அதையும் மென்பொருளால் துடைத்திருந்தேன். துடைத்த தடம்கூடத் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. அதைச் செய்து முடித்த அன்று எனக்கு நானே ஒரு கருப்பட்டிக் காப்பி வாங்கிக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தது.

"என்கிட்ட இல்லக்கா. ஒண்ணுல கம்பம் இருந்துச்சு, அதையும் தொடச்சிட்டேன்" என்றேன். நாற்காலியைத் திருப்பாமலே சொன்னேன்.

பின்னால் அவர் நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு, "என்ட்ட ஒண்ணு கெடக்கு" என்றார். "நீரு கோவிக்கக் கூடாது."

கைபேசியை நீட்டினார். அன்று எதிர்ப்பக்கம் வெயிலில் நின்ற முக்கால் மணி நேரத்தில் அவர் எடுத்த படம். மதுரையில் நர்சிங் படிக்கும் மகளுக்கு அனுப்புவதற்காக.

தொழில்முறையில் பார்த்தால் அதில் எல்லாமே தவறு. சாய்ந்திருந்தது. ஓரத்தில் அவர் விரல். ஆனால் மரம் வேரிலிருந்து உச்சி வரைக்கும் மஞ்சளாக நின்றது. பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர், வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதிய மின்கம்பம், பின்னால் மக்ரூன் கடையின் போர்டு. தேதி, நேரம் எல்லாம் கைபேசியிலேயே இருந்தது. இத்தனைக்கும் முன்னால், படத்தின் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு, வானத்தை நோக்கி உயர்ந்திருந்தது என் பின்புறம்.

படத்துக்குக் கீழே மகளுக்கு எழுதியிருந்ததையும் படித்தேன். "லூசு ஒண்ணு வந்திருக்கு பாரு."

"ஹாஸ்டல்ல எல்லாப் பிள்ளைகளும் பாத்துட்டாளுவ. இனிமே என்ன" என்றார் மேரியக்கா, ஆறுதலாக.

மணி மூன்றரை. தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்குப் பயன்படும்படி எழுதச் சொன்னார்களே, அது இந்த இடம். படத்தைக் கணினியில் ஏற்றி, முதல் வேலையாக என்னை வெட்டப் பார்த்தேன். முடியவில்லை. கம்பத்தின் எண் சரியாக என் இடுப்புக்கு மேலே நான்கு விரல் தள்ளி இருந்தது. மரத்தின் அடி என்னை ஒட்டி. என்னை வெட்டினால் எண் போகும், அடி போகும், மறுபடியும் கொடைக்கானல் ஆகிவிடும். சரி, வெட்ட வேண்டாம், துடைத்துவிடலாம். பத்து நிமிட வேலை. என் இடத்தில் கொஞ்சம் மண்ணையும் நாலு பூவையும் நிரப்பினால் யாருக்கும் தெரியாது. நானே அந்த வித்தைக்குப் பேர்போனவன். சுட்டியை எடுத்துப் பாதி முதுகை அழித்தும்விட்டேன்.

"என்ன செய்யுதீரு?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்னை மட்டும் எடுத்திருதேன்க்கா. பாக்க நல்லாயில்ல."

"அன்னைக்கு என்னைய நவுட்டுனீரு. பெறவு கம்பத்த நவுட்டுனீரு. இப்ப உம்மையும் நவுட்டிட்டா, அந்த மரத்துக்கு சாச்சி சொல்ல எவம்வே இருக்கான்?"

அழித்த முதுகைத் திரும்பக் கொண்டுவந்தேன். விரல் உட்பட, சாய்வு உட்பட, அப்படியே பெரிதாக அச்சடித்தேன். இந்தத் தடவை சுருட்டிப் பிடிக்கவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

நாலே முக்காலுக்குப் பொறியாளர் படத்தை விரித்தார். டம்ளரும் பேப்பர்வெயிட்டும் தேவைப்படவில்லை, மடிப்பே பிடித்துக்கொண்டது. கோப்பைத் திறந்து கம்பத்தின் எண்ணைச் சரிபார்த்தார். மேரியக்காவின் கைபேசியில் தேதியைப் பார்த்தார். டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தார். கடைசியாக, கவனிக்காமல் இருக்க முடியாததைக் கவனித்தார்.

"இது யாரு?"

நான் சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்தேன்.

"சார், எல்லாம் சரியா இருக்கு. நிறுத்தி வைக்கேன். ஆனா ஃபைல்ல ஒரு ஆளு இருந்தா அது யாருன்னு எழுதணும். நாளைக்கு எவனாவது கேப்பான்."

வெள்ளைத்தாள் கொடுத்தார். கல்யாண ஆல்பங்களில் ஆயிரக்கணக்கான முகங்களுக்கு வெளிச்சம் தந்த கையால் இப்படி எழுதினேன்: "இத்துடன் இணைத்துள்ள படத்தில், மேற்படி மரத்தின் முன்பாகக் குப்புறக் கிடப்பவர் நானே என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன்."

படித்துப் பார்த்தவர், "முகம் தெரியலையே" என்றார். அந்த மனிதர் விளையாடுகிறாரா, விதி பேசுகிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நான் சாச்சி போடுதேன் சார்" என்றார் மேரியக்கா, பேனாவை வாங்கிக்கொண்டே. "இவருதான். முக்கா மணி நேரம் இதத்தான பாத்துக்கிட்டு நின்னேன்."

மரம் நிற்கிறது. வடிகால் அந்த இடத்தில் மட்டும் இரண்டு அடி வளைந்து போகிறது. போய்ப் பாருங்கள். என் படங்களில் அலுவலகக் கோப்பில் நிரந்தரமாகச் சேமிக்கப்பட்டிருப்பது, நான் எடுக்காத அந்த ஒன்றுதான். உங்களில் யாராவது தேறாத படத்தை அன்றைக்கே அழிக்கும் பழக்கத்தை என்னிடமிருந்து கற்றிருந்தால், தயவுசெய்து மறந்துவிடுங்கள். அதற்கு ஒரு ஹார்ட் டிஸ்க் கூடுதலாக வாங்கினால் போதும். எனக்கு ஆனதைவிடக் குறைந்த செலவுதான்.

அந்த ஏப்ரலில் கொன்றை மறுபடி பூத்தது. முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு போனேன். மேரியக்கா வண்டிச் சக்கரத்துக்கு அடியில் வைத்திருந்த கல்லை எடுக்கக் குனிந்தார்.

"நவுட்டணுமா?"

"வேண்டாம்க்கா. வண்டியோட எடுக்கேன். நீங்களும் நில்லுங்க."

"காலண்டரு?"

"காலண்டர்க்காரங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நானே வச்சுக்கிடுதேன்."

"அப்ப பொறும்" என்றார். அடுக்கில் இருந்த தன் சேலையை உருவி, பெட்டியை ஓட்டி, தார்ப்பாய்க்குப் பின்னால் போய் உடுத்திக்கொண்டு வந்து, வண்டிக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டி நின்றார். மேலே மஞ்சள் கொட்டிக்கொண்டிருந்தது. கம்பிகள் மூன்றும் குறுக்கே ஓடின. சொல்லிவைத்தாற்போல ஓர் உப்பு லாரி வந்து பின்னால் நின்றது. நான் நின்ற இடத்தில் நின்றபடியே கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன்.

மேரியக்கா ஒரு கையை அவிழ்த்துக் கைபேசியை எடுத்தார்.

"நீரு படுக்கலியா?"